கொழும்பிலிருந்து அமெரிக்க முதுமாணிக்கு: மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானப் பட்டதாரிகளுக்கு ஒரு வழிகாட்டி

விண்ணப்பப் படிவத்தை நிரப்ப எனக்கு இரண்டு மாலைகள் போதுமாக இருந்தன. அதோடு சேர்த்து அனுப்ப வேண்டிய கடதாசிகளைத் திரட்டத்தான் 19 மாதம் போனது. வெள்ளவத்தையில் ஓர் அறை, பகலில் ஆய்வுகூட வேலை, லீவு கிடைத்த நாட்களில் பொரளை, பத்தரமுல்லை, புதுக்கடை என்று அலைச்சல். எதை முதலில் தொடங்க வேண்டும் என்று தெரிந்திருந்தால் ஒரு வருடத்துக்குள் முடிந்திருக்கும்.

இலங்கையில் மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானத்தில் நான்கு வருடச் சிறப்புப் பட்டம் முடித்து, அமெரிக்காவில் முதுமாணி செய்ய நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். யாழ்ப்பாணம், பேராதனை, ஸ்ரீ ஜயவர்தனபுர, ருஹுணு, திறந்த பல்கலைக்கழகம் என்று எங்கே படித்திருந்தாலும் வழி ஏறக்குறைய ஒன்றுதான். பிரித்தானியாவின் எச்சிபிசி, அவுஸ்திரேலியாவின் எய்ம்ஸ் ஆகிய தொழில்சார் அமைப்புகளின் பக்கம் போகிறவர்களும் 2ஆம், 3ஆம் படிகளை மட்டுமாவது வாசியுங்கள்.

1. எந்த முதுமாணி என்று முதலில் முடிவெடுங்கள்

இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். பெயரைப் பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். உள்ளே மூன்று வகை இருக்கிறது.

முதலாவது, ஆய்வுக்கான முதுமாணி. உயிர்மருத்துவ விஞ்ஞானம், மூலக்கூற்று உயிரியல் போன்றவை இதில் அடங்கும். நல்ல படிப்புகள்தான். கொழும்பிலேயே குமாரதுங்க முனிதாச மாவத்தையில் கொழும்புப் பல்கலைக்கழகத்தின் உயிர்இரசாயன, மூலக்கூற்று உயிரியல் நிறுவனம் இருக்கிறது. ஆராய்ச்சி ஆசை உள்ளவர்கள் அங்கே விசாரித்துவிட்டு வெளிநாட்டை யோசிக்கலாம். ஆனால் இந்த வகைப் பட்டம் அமெரிக்க வைத்தியசாலை ஆய்வுகூடத்தில் நோயாளியின் மாதிரியைத் தொடும் தகுதியைத் தானாகத் தந்துவிடாது.

இரண்டாவது, மருத்துவமனைப் பயிற்சியோடு வரும் தொழில்சார் முதுமாணி. இதற்கு என்ஏஏசிஎல்எஸ் என்ற, ஆய்வுகூடப் பயிற்சிநெறிகளை அங்கீகரிக்கும் அமெரிக்க அமைப்பின் அங்கீகாரம் இருக்க வேண்டும். அந்த அமைப்பின் இணையத்தளத்தில் மாநில வாரியாகத் தேடலாம். பல்கலைக்கழகம் அங்கீகாரம் பெற்றது என்பதும் இந்தக் குறிப்பிட்ட பயிற்சிநெறி அங்கீகாரம் பெற்றது என்பதும் வெவ்வேறு விஷயங்கள். பயிற்சிநெறியின் பெயரைத்தான் தேட வேண்டும்.

மூன்றாவது, ஏற்கெனவே சான்றிதழ் பெற்றவர்களுக்கான மேல்நிலைப் படிப்பு. ரட்கர்ஸ், கல்வெஸ்டனில் உள்ள யூடிஎம்பி, கன்சாஸ் பல்கலைக்கழக மருத்துவ மையம் ஆகியவை நடத்தும் டிசிஎல்எஸ் என்ற தொழில்சார் கலாநிதிப் பட்டம் இந்த வரிசையில் வருகிறது. பட்டம் முடித்த கையோடு இதற்குப் போக முடியாது.

வேலைதான் நோக்கம், பட்டம் முக்கியமில்லை என்றால் முதுமாணிக்குக் காசைக் கொட்டுமுன் ஏஎஸ்சிபி என்ற அமெரிக்க நோயியல் சங்கம் நடத்தும் சர்வதேசச் சான்றிதழ் பரீட்சையைப் பாருங்கள். 100 கேள்விகள், இரண்டரை மணி நேரம், 999இல் 400 எடுத்தால் சித்தி. விண்ணப்பம் ஏற்கப்பட்டதிலிருந்து மூன்று மாதத்துக்குள் எழுத வேண்டும். இரத்த வங்கி, இரசாயனம், குருதியியல், நுண்ணுயிரியல் நான்கும்தான் பெரும் பங்கு. ஒவ்வொன்றிலிருந்தும் 17 முதல் 22 வீதம் வரும். என்னோடு படித்த சிலருக்கு இந்தச் சான்றிதழே போதுமாக இருந்தது.

இரண்டாவது வகையைத் தேர்ந்தால், பட்டியலில் உள்ள ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் ஒரு மின்னஞ்சல் போட்டு மூன்று கேள்வி கேளுங்கள். வெளிநாட்டு மாணவருக்கு ஐ-20 (மாணவர் விசாவுக்குப் பல்கலைக்கழகம் தரும் படிவம்) கொடுப்பீர்களா? மருத்துவமனைப் பயிற்சி இடத்தை நீங்களே ஒழுங்கு செய்வீர்களா, நான் தேட வேண்டுமா? பாடங்கள் நேரில் நடக்கின்றனவா? மூன்றாவது கேள்வியைச் சும்மா கேட்கச் சொல்லவில்லை. எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவரின் முழுநேரக் கணக்கில் ஒரு பருவத்துக்கு ஓர் இணையவழிப் பாடத்தை, அதிகபட்சம் 3 கிரெடிட்டை மட்டும்தான் சேர்ப்பார்கள். முழுக்க இணையவழியில் நடக்கும் முதுமாணிக்கு ஐ-20 கிடைக்காது. நான் எழுதிய இடங்களில் பாதிக்கு மேல் இந்த மின்னஞ்சலோடே கழிந்துபோயின. விண்ணப்பக் கட்டணம் மிச்சம்.

கலிபோர்னியா மீது கண் வைத்திருப்பவர்கள் இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும். அங்கே பயிற்சி தொடங்குவதற்கே மாநிலத்தின் பயிற்சியாளர் அனுமதிப்பத்திரம் எடுக்க வேண்டும். நியூயோர்க், புளோரிடா போன்ற மாநிலங்களும் தனி உரிமம் கேட்கின்றன. படிக்கும் மாநிலமும் பிறகு வேலை செய்யப்போகும் மாநிலமும் வேறாக இருக்கலாம். இரண்டின் விதியையும் பார்த்துவிடுங்கள்.

2. பயிற்சிப் பதிவை இந்த மாதமே கையில் எடுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரு படியை மட்டும் வாசிக்க நேரம் இருந்தால் இதை வாசியுங்கள்.

நம்முடைய பட்டத்தில் மருத்துவமனைப் பயிற்சி இருக்கிறது. ஆனால் ட்ரான்ஸ்கிரிப்டில் அது ஒரே ஒரு வரி: பாடத்தின் பெயர், கிரெடிட், தரம். எந்தப் பிரிவில் எத்தனை மணி நேரம் நின்றீர்கள், என்னென்ன பரிசோதனை செய்தீர்கள் என்று அதில் இருக்காது. வெளிநாட்டில் கேட்பதோ அதைத்தான். இரத்த வங்கி, இரசாயனம், குருதியியல், நுண்ணுயிரியல், நிர்ப்பீடனவியல், சிறுநீர் மற்றும் உடற்திரவங்கள் என்று ஆறு பிரிவுக்கும் தனித்தனியாகக் காட்ட வேண்டும். வேலை அனுபவத்துக்கும் இதே கதைதான். ஏஎஸ்சிபி என்றால் அனுபவப் படிவத்தோடு, அந்தப் படிவம் உண்மையானது என்று ஆய்வுகூட நிர்வாகம் தன் கடிதத் தலைப்பில் கையெழுத்திட்ட ஒரு கடிதமும் கேட்பார்கள்.

நான் செய்த அட்டவணை இப்படி இருந்தது. ஒரு பிரிவுக்கு ஒரு பக்கம். மேலே ஆய்வுகூடத்தின் பெயர், தொடங்கிய நாள், முடிந்த நாள், கிழமைகள், மொத்த மணி நேரம். நடுவில் செய்த பரிசோதனைகள், பயன்படுத்திய கருவிகள். கீழே மேற்பார்த்தவரின் பெயர், பதவி, கையெழுத்து, நாள், றப்பர் சீல். மணி நேரத்தைக் குத்துமதிப்பாகப் போட வேண்டாம். பயிற்சிக் காலத்து லொக் புத்தகத்தைத் தேடி எடுங்கள். என்னுடையது கட்டிலுக்கு அடியில் இருந்த பெட்டியில் கிடைத்தது. கிராம் சாயம் பட்டு ஊதா படிந்த பக்கங்கள், ஓரத்தில் மேற்பார்வையாளர் நாளுக்கு நாள் போட்ட சுருக்கெழுத்து. அந்தக் கொப்பி இல்லாவிட்டால் என்னால் ஆறு பக்கத்தையும் நிரப்பியிருக்க முடியாது.

இதில் இரண்டு பொறி இருக்கிறது.

ஒன்று, இரத்த வங்கி. இலங்கையில் வைத்தியசாலை இரத்த வங்கிகள் தேசிய குருதிமாற்றுச் சேவையின் கீழ் இயங்குகின்றன. அதன் தலைமையகம் நாரஹேன்பிட்டியில். ஆகவே நீங்கள் பயிற்சி பெற்ற வைத்தியசாலையின் ஆய்வுகூடப் பொறுப்பாளர் இரத்த வங்கி மணி நேரத்துக்குக் கையெழுத்து வைக்க முடியாது. இரத்த வங்கியிடமிருந்து தனிக் கடிதம் வேண்டும். நான் ஒரே கடிதத்தில் எல்லாவற்றையும் போட்டு வாங்கி அனுப்பினேன். இரத்த வங்கிப் பகுதியை மட்டும் திருப்பிக் கேட்டார்கள். ஏழு கிழமை போனது.

மற்றது, இடமாற்றமும் ஓய்வும். என் நுண்ணுயிரியல் பயிற்சியை மேற்பார்த்த அக்கா வருடாந்த இடமாற்றத்தில் அநுராதபுரம் போய்விட்டார். தேடிப் போனேன். முகம் மலர்ந்து தேநீர் தந்து, கையெழுத்தும் வைத்துத் தந்தார். ஆனால் பழைய ஆய்வுகூடத்தின் சீல் இப்போது அவரிடம் இல்லை, கடிதத் தலைப்பும் இல்லை. பிறகு கொழும்புக்கு வந்து, இப்போதைய பொறுப்பாளரிடம் பழைய பதிவேட்டைக் காட்டி, அவர் பெயரில் கடிதம் எடுத்தேன். அக்காவின் கையெழுத்து இணைப்பாக மட்டும் போனது. இன்னும் பயிற்சியில் இருப்பவர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான்: ஒரு பிரிவு முடிகிற வெள்ளிக்கிழமை அன்றே, அந்த மேசையிலேயே, அந்தப் பக்கத்தில் கையெழுத்தும் சீலும் வாங்கிவிடுங்கள். இரண்டு மூலப்பிரதி எடுங்கள்.

3. பெயரை ஒன்றாக்குங்கள்

தமிழ்ப் பிள்ளைகளுக்கு மட்டும் கூடுதலாக வரும் தலையிடி இது. பிறப்புச் சான்றிதழ் தமிழில். அடையாள அட்டையில் ஒரு ஆங்கில எழுத்துக் கூட்டல், கடவுச்சீட்டில் இன்னொன்று, பட்டச் சான்றிதழில் அப்பாவின் பெயர் முதலெழுத்தாகச் சுருங்கியிருக்கும். என் அப்பாவின் பெயர் ஓரிடத்தில் 'ராசா' என்று முடிகிறது, இன்னோரிடத்தில் 'ராஜா'. நமக்கு அது ஒரே ஆள். அங்கே உட்கார்ந்து கோப்பைப் பார்ப்பவருக்கு இரண்டு ஆள்.

கடவுச்சீட்டில் உள்ள எழுத்துக் கூட்டலை அடிப்படையாக வைத்துக்கொள்ளுங்கள். விண்ணப்பம், ஆங்கிலப் பரீட்சை, வங்கிக் கடிதம் எல்லாம் அதன்படியே போகட்டும். பிறப்புச் சான்றிதழைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து ஆங்கிலத்துக்கு மாற்றுங்கள். புதுக்கடை நீதிமன்றப் பக்கம் பலர் இருக்கிறார்கள். கொடுக்கும்போதே கடவுச்சீட்டின் போட்டோக் கொப்பியையும் கொடுத்து, 'இந்த எழுத்துக் கூட்டலில்தான் வர வேண்டும்' என்று சொல்லுங்கள். சொல்லாவிட்டால் அவருக்குச் சரியென்று பட்டபடி மூன்றாவது கூட்டல் ஒன்று பிறக்கும். மிச்ச வேறுபாடுகளுக்கு ஒரு சத்தியக்கடதாசி: இந்த இந்த ஆவணங்களில் இப்படி இப்படி எழுதப்பட்டிருப்பது ஒரே ஆளையே குறிக்கும் என்று. ஒரே தடவையில் ஐந்து பிரதி எடுத்து வையுங்கள்.

4. ட்ரான்ஸ்கிரிப்டும் மதிப்பீடும்

அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் நம் பட்டத்தைப் பெரும்பாலும் பாட வாரியான மதிப்பீடாகக் கேட்கும். டபிள்யூஈஎஸ், ஈசிஈ இரண்டும் பலர் ஏற்கும் நிறுவனங்கள். எதைத் தேர்வது என்று நீங்களே முடிவெடுக்க வேண்டாம், விண்ணப்பிக்கும் இடம் எதை ஏற்கிறது என்று கேட்டுவிட்டுக் காசைக் கட்டுங்கள். 200 டொலருக்குக் கூடக் குறைய வரும், அனுப்பும் செலவு தனி.

ட்ரான்ஸ்கிரிப்ட் உங்கள் கையால் போகக்கூடாது. பல்கலைக்கழகப் பதிவாளர் கிளையிலிருந்து நேராக, ஒட்டிய உறையில் முத்திரையோடு போக வேண்டும். மதிப்பீட்டு நிறுவனம் தரும் இலக்கத்தை உறையின் வெளியிலும் உள்ளே படிவத்திலும் எழுதச் சொல்லுங்கள். அதை எழுதாமல் போன என் முதல் உறை யாருடையது என்று தெரியாமல் கிடந்தது. பரீட்சை நடக்கும் காலத்திலும் பட்டமளிப்பு நெருங்கும் வாரங்களிலும் பதிவாளர் கிளையில் வேலை நகராது. அந்த வாரங்களைத் தவிர்த்துப் போங்கள்.

நம் நான்கு வருடப் பட்டம் இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் 6ஆம் மட்டம், 120 கிரெடிட். அமெரிக்க இளமாணிக்கும் வழமையாக 120 கிரெடிட்தான். பாடவிதானத்தை, ஒவ்வொரு பாடத்துக்கும் மணி நேரத்தோடு, திணைக்களத் தலைவரின் கையெழுத்தில் எடுத்து வைத்திருங்கள். மதிப்பீட்டாளர் கேட்காவிட்டாலும் பல்கலைக்கழகம் கேட்கும்.

இன்னொரு பொறி: பத்தரமுல்லையில் வெளிநாட்டு அமைச்சின் அத்தாட்சி முத்திரை. மத்திய கிழக்கு வேலைக்குப் போன நண்பர்கள் அது கட்டாயம் என்று சொல்வார்கள், அவர்களுக்குக் கட்டாயம்தான். நான் விண்ணப்பித்த எந்த அமெரிக்கப் பல்கலைக்கழகமும் அதைக் கேட்கவில்லை. கேட்டால் மட்டும் போங்கள்.

5. மருத்துவ சபைப் பதிவு

நொரிஸ் கனல் வீதியிலுள்ள இலங்கை மருத்துவ சபையில் பதிவை முடித்துவிட்டே வெளிக்கிடுங்கள். வெளிநாட்டு உரிம அமைப்புகள் பிறகு நன்னிலைச் சான்றிதழ் கேட்கும். அதைச் சபையே நேராக அனுப்ப வேண்டியிருக்கும். அங்கே நம் பதிவு 'தொழில்நுட்பவியலாளர்' என்ற பெயரில் இருக்கும், பட்டத்திலோ 'விஞ்ஞானம்' என்று இருக்கும். இரண்டும் ஒரே தொழில் என்று ஒரு வரி விளக்கத்தை உங்கள் விண்ணப்பத்தில் சேர்த்துவிடுங்கள்.

6. தடுப்பூசிக் கோப்பு: எட்டு மாதம் வரை எடுக்கும், இப்போதே தொடங்குங்கள்

அனுமதி கிடைத்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று எல்லோரும் தள்ளிப்போடுவது இது. மருத்துவமனைக்குள் பயிற்சிக்குப் போக ஹெபடைடிஸ் பி, தட்டம்மை, கூவைக்கட்டு, ருபெல்லா, சின்னம்மை, காசநோய் எல்லாவற்றுக்கும் எழுத்து ஆதாரம் கேட்பார்கள்.

ஹெபடைடிஸ் பி தடுப்பூசி நம் தேசிய அட்டவணைக்குள் வந்தது 2003இல்தான். அதற்கு முன் பிறந்தவர்கள் பல்கலைக்கழகத்தில் போட்டிருப்பீர்கள், அட்டை எங்கேயோ போயிருக்கும். முதலில் எதிர்ப்பொருள் அளவைப் பாருங்கள். 10க்கு மேல் இருந்தால் அந்த அறிக்கையை வைத்துக்கொள்ளுங்கள். முழுக்கப் போடவேண்டி வந்தால் 0, 1, 6 மாதம் என்று மூன்று ஊசி, அதற்குப் பிறகு ஒன்றிரண்டு மாதம் கழித்து அளவு. கூட்டிப் பாருங்கள், ஏழெட்டு மாதம்.

கூவைக்கட்டும் அப்படித்தான். மூன்றும் சேர்ந்த எம்எம்ஆர் இங்கே 2011இல்தான் வந்தது. நம் வயதினரின் குழந்தை சுகாதார அட்டையில் தட்டம்மையும் ருபெல்லாவும் இருக்கும், கூவைக்கட்டு இருக்காது. சின்னம்மை அரச அட்டவணையிலேயே இல்லை. 'சின்ன வயதில் வந்தது' என்று அம்மா சொல்வது அங்கே செல்லாது, ஐஜிஜி என்ற எதிர்ப்பொருள் பரிசோதனை வேண்டும். எம்எம்ஆரும் சின்னம்மையும் உயிருள்ள தடுப்பூசிகள். ஒரே நாளில் போடுங்கள், இல்லையென்றால் நான்கு கிழமை இடைவெளி விடுங்கள்.

காசநோய்க்கு மாண்டூ என்ற தோல் பரிசோதனையைச் செய்யாதீர்கள். நாம் எல்லோரும் பிறந்தவுடன் பிசிஜி என்ற காசநோய்த் தடுப்பூசி போட்டவர்கள். தோல் வீங்கி நேர்முடிவு வந்தால் எக்ஸ்றே, விளக்கக் கடிதம் என்று இழுபடும். குவாண்டிஃபெரோன் போன்ற இரத்தப் பரிசோதனை ஏற்கப்படுமா என்று கேட்டு அதையே செய்யுங்கள். இதை மட்டும் முன்கூட்டிச் செய்ய வேண்டாம், பயிற்சித் திகதிக்கு நெருக்கமாகக் கேட்பார்கள்.

7. ஆங்கிலம், பரிந்துரை, நோக்க அறிக்கை

ஐஈஎல்டிஎஸ், டோஃபல் இரண்டின் பெறுபேறும் இரண்டு வருடமே செல்லும். முதலிலேயே எழுதிவிட்டு மற்றக் கடதாசிகளுக்காக அலைந்தால் காலாவதியாகிவிடும். ட்ரான்ஸ்கிரிப்ட் போன பிறகு எழுதுங்கள்.

பரிந்துரைக் கடிதம் மூன்று. இரண்டு விரிவுரையாளர், ஒன்று ஆய்வுகூடப் பொறுப்பாளர் அல்லது விசேட வைத்திய நிபுணர். அவர்களின் அலுவலக மின்னஞ்சல் முகவரியைக் கேட்டு வாங்குங்கள், ஜிமெயில் முகவரியைப் பல இடங்கள் ஏற்காது. கேட்கும்போதே உங்கள் அட்டவணையையும் பெறுபேற்றையும் ஒரு பக்கமாகக் கொடுத்தால் அவர்களுக்கு எழுத இலகு. கடைசித் திகதிக்கு ஆறு கிழமை முன் கேளுங்கள்.

நோக்க அறிக்கையில் 'சிறு வயதிலிருந்தே மருத்துவத்தில் ஆர்வம்' என்று தொடங்க வேண்டாம். நீங்கள் மேசையில் நின்று ஒரு முடிவு எடுத்த நாளை எழுதுங்கள். நான் எழுதியது ஒரு டெங்குக் காலத்து மாலை. வார்ட்டிலிருந்து வந்த மாதிரிக்கு மெஷின் பிளேட்லெட் 18,000 என்று காட்டியது. டெங்கு வார்ட், அந்த எண் வந்தால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். ஹீமட்டோகிரிட்டும் வெள்ளணுவும் கதைக்குப் பொருந்தவில்லை. ஸ்மியர் போட்டுப் பார்த்தேன். வழுக்கியின் வால் ஓரம் முழுக்கப் பிளேட்லெட்டுகள் குவியல் குவியலாக ஒட்டிக் கிடந்தன. இரத்தம் உறையாமல் குழாயில் இருக்கும் ஈடிடிஏ செய்த வேலை. சிட்ரேட் குழாயில் மறுபடி இரத்தம் எடுக்கச் சொல்லி, எண்ணி, சிட்ரேட் கலந்ததை ஈடுகட்ட 1.1ஆல் பெருக்கினால் 160,000க்கு மேல். அறிக்கையை நிறுத்தி வார்ட்டுக்குத் தொலைபேசியில் சொன்னேன். நேர்முகத்தில் என்னிடம் கேட்ட முதல் கேள்வி இதைப் பற்றித்தான்.

8. காசு

விசா வரைக்கும் எனக்கு ஏறக்குறைய 1,300 டொலர் ஆனது. நான்கு விண்ணப்பக் கட்டணம், மதிப்பீடு, ஆங்கிலப் பரீட்சை, செவிஸ் என்ற மாணவர் பதிவுக் கட்டணம் 350, விசா விண்ணப்பம் 185. கட்டணங்கள் மாறும், கட்டும் நாளில் பாருங்கள். உள்நாட்டில் மொழிபெயர்ப்பு, சத்தியக்கடதாசி, இரத்தப் பரிசோதனை, ஊசி, பஸ் காசு வேறு.

வங்கி அட்டையில் வெளிநாட்டு இணையக் கொடுப்பனவு திறந்திருக்கிறதா என்று முன்பே கேளுங்கள். கடைசித் திகதி இரவில் மறுத்தால் ஒன்றும் செய்ய முடியாது. படிப்புக் கட்டணம் அனுப்ப வங்கியில் மாணவர் கோப்பு ஒன்று திறக்க வேண்டும். அனுமதிக் கடிதம் வந்த கிழமையே திறந்துவிடுங்கள்.

ஐ-20 வர, முதல் வருடத்தின் முழுச் செலவுக்கும் ஆதாரம் காட்ட வேண்டும். தொழில்சார் முதுமாணியில் உதவித்தொகை அரிது. சித்தப்பா, மாமா பணம் போடுகிறார் என்றால் அவருடைய உறுதிக் கடிதம், வங்கி அறிக்கை, உறவைக் காட்டும் பிறப்புச் சான்றிதழ்கள் வேண்டும். அந்தச் சான்றிதழ்களிலும் பெயர் பிரச்சினை வரும். 3ஆம் படிக்குத் திரும்பிப் போங்கள்.

9. விசாவும் பெட்டியும்

ஓகஸ்டில் தொடங்கும் படிப்புக்குப் பல இடங்களில் டிசம்பருக்கும் மார்ச்சுக்கும் இடையில் விண்ணப்பம் மூடும். அப்படியானால் அதற்கு முந்தின ஜனவரியில் 2ஆம், 6ஆம் படிகள், ஏப்ரல் வரை பெயரும் ட்ரான்ஸ்கிரிப்டும், ஓகஸ்ட் அளவில் ஆங்கிலம், ஒக்டோபரில் பரிந்துரை. ஐ-20 வந்தவுடன் செவிஸ் கட்டி, டிஎஸ்-160 என்ற விசாப் படிவத்தை நிரப்பி, கொள்ளுப்பிட்டித் தூதரகத்தில் நேர்முகத்துக்கு நாள் எடுங்கள். படிப்புத் தொடங்க 365 நாள் முன்பே விசா தரலாம், ஆனால் நாட்டுக்குள் போக முடிவது 30 நாள் முன்புதான். டிக்கெட்டை அதற்கேற்பப் போடுங்கள்.

நேர்முகத்தில் 'இங்கே ஏற்கெனவே தகுதி இருக்கிறதே, எதற்கு மறுபடி?' என்று கேட்பார்கள். பதிலைத் தயாராக வைத்திருங்கள்: எந்தப் பிரிவில் ஆழமாகப் போக விரும்புகிறீர்கள், அது இங்கே ஏன் கிடைக்கவில்லை.

மூலப்பிரதிகள், சீல் வைத்த ஆறு பயிற்சிப் பக்கங்கள், ஊசி அட்டை, சத்தியக்கடதாசி எல்லாம் கைப்பையில் போகட்டும். பழைய லொக் புத்தகத்தையும் அதற்குள்ளேயே வையுங்கள்.